ஐப்பசிச் சதயம்

ஒரு நாளிற் பல நிகழ்ச்சிகள் நிகழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலன அந்நாளின் ஞாயிறு மறையுமுன்னரே மறக்கப்படுகின்றன. சில நிகழ்ச்சிகள் ஓராண்டோ ஈராண்டோ நினைக்கப்படுகின்றன. ஆயிரம் ஆண்டு கடந்தும் நினைக்கப்படுவன மிகச் சிலவே. அங்ஙனம் நினைக்கப்படும் நாள்களுள் ஒன்று ஐப்பசித் திங்கட் சதய நாளாகும். அது சோழப் பேரரசனாகிய முதலாம் இராசராசன் பிறந்த நாள். அவ்வரசன் பிறந்த ஆண்டு இன்னதென்று கல்வெட்டெதுவுங் கூறவில்லை. பிறந்த நாளையோ கல்வெட்டுக்கள் ஓரிடத்தின் மட்டுமன்றிப் பலவிடத்துங் கூறுகின்றன. ஆண்டு மறைய நாள் மட்டும் நின்றதென்னை என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சி வரலாற்றிற்கேயன்றிச் சமய நெறிக்கும் பயன்படுவதாம்.

முதற்கண், ஐப்பசிச் சதயம் என்னும் நாள் எங்ஙனம் வரையறுக்கப்படுகின்றது என்பதனை அறிதல் வேண்டும். ஞாயிறு ஓரிராசியினின்று நீங்கி மற்றோரிராசியிற் புகுதலால் தமிழ்த் திங்கள் பிறக்கின்றது. ஞாயிறு துலாவில் நிற்குங் காலமே ஐப்பசி. சந்திரனோ 27 நாண்மீன்களையும் 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமுங் கொண்டு ஒருமுறை சுற்றி வருகின்றான். அசுவினி முதலாக எண்ணுங்கால் அந்நாண்மீன்களுள் 24-ஆவதாக நிற்பது சதயம். அது கும்ப இராசியின் நடுவிடத்தது. எனவே ஐப்பசிச் சதயம் என்னுந் தொடரின் முன்மொழி ஞாயிற்றையும் பின்மொழி சந்திரனையும் சார்ந்தனவாயின. ஞாயிறு துலாவிலும் சந்திரன் சதயத்திலும் நிற்கும்பொழுது இரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு நோக்கின், அந்நாள் எக்காலத்தும் வளர்பிறையில், நவமி முதல் துவாதசி ஈறாகிய திதிகளிலேயே அமையும் என்பது பெறப்படும். ஐப்பசி மழை சிறிது ஓய்ந்த இரவில், பாதியினும் மிக்கு வளர்ந்த மதியை வானத்திற் காணும் எவரும் அந்நாளின் அணிமையை உணர்தல் கூடும். பெரும்பாலும் அதற்குச் சில நாள்களின் பின்னரே சிவாலயங்களில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிடேகம் நிகழ்கின்றது.

மேனாட்டார் வகுத்த தேதி முறையோ மனிதரது எண்ணிக்கையை முதலாகக் கொண்டது. பருவத்தொடு பொருந்தாது அம்முறை பிழைபட்டமையின், 1582-ஆம் ஆண்டில் போப் 13-ஆம் கிரெகோரி அதனைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என எண்ணப்பட்டது. இங்கிலாந்து அத்திருத்தத்தை 1752-ஆம் ஆண்டிலேயே ஏற்றது; ஆண்டுச் செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. இடையேயுள்ள தேதிகள் ஒருவர்க்கும் விடியாமலே கழிந்தன. இது கூறியது அம்முறையை இகழ்தற்கன்று. உலக வாணிகமும் அரசியலும் இன்று அதனாலேயே நடைபெறுகின்றன. தமிழ்க் கணக்கிலும் திங்களுக்கும் பருவத்திற்கும் உள்ள இயைபு நூற்றாண்டுகள் செல்லச்செல்ல மெல்ல வேறுபடுதல் உண்டு. ஆயினும் வானத்து மீனொடு பிணிக்கப்பட்ட நாள் அம்மீனை விட்டு நீங்குவதில்லை. இவ்வேறுபாடு பின்னர் வருங் கருத்திற்கு அடிப்படையாதலின் ஈண்டு விளக்கப்பட்டது.

இனி, இராசராசனுடைய கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் நாளைக் குறிக்கும் முறை இருவகைப்படும். ஆட்சியாண்டையும் அவ்வாண்டிற் சென்ற நாளின் தொகையையுங் கூறுதல் ஒன்று; திங்களையும் நாண்மீனையுங் கூறுதல் மற்றொன்று. முன்னையது அரசாணைக்கு உரியது. பின்னையது பெரிதும் திருவிழாவிற்கு உரியது.

முன்னைய வகைக்குச் சில காட்டுதும் என்னாது, பெரியனவாகிய மூன்றே போதும் எனலாம். நாகப்பட்டினத்திற் கடாரத்தரசன் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கும் ஆணை, இராசராசனது 21-ஆம் ஆண்டின் 92-ஆம் நாளிற் பிறந்தது. சிவநெறியிற் பெரும்பற்றுடைய வேந்தன் புத்தப் பள்ளிக்கும் ஊரளித்தான் என்பதற்கு அந்நாள் சான்று. அவனது 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது கி. பி. 1010-ஆம் ஆண்டில், தஞ்சை இராசராசேச்சுரத்து விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்றை அவன் அளித்தான். அக்குடத்தின் நிறை 3083 பலம் என்றும், அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு என்றும் கல்வெட்டுக் கூறும். அவ்வாண்டிலேயே, அவனது 26-ஆம் ஆண்டின் 20-ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின்கண் திருமஞ்சனசாலையில் இருந்தருளி அவன் பிறப்பித்த ஆணை மூன்றாவதாகும். தான் எடுப்பித்த கற்றளிக்குத் தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பது அவ்வாணையின் பொருள். பேரரசன் ஈந்ததும், பெயர் விளங்காத பணியாளன் ஈந்ததும் ஒரே கல்லில், ஒரே முறையில் எழுதப்பட்டமைக்கு அந்நாளே காரணமாயிற்று. தமிழ்நாட்டு வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அந்நாளினும் பயனுடைய நாள் பிறிதொன்றைக் காட்டல் அரிது.

ஆயினும் இம்மூன்று நாள்களும் ஒருமுறை வந்து கழிந்தன. 26-ஆம் ஆண்டின் 20-ஆம் நாள் மீண்டும் வாராது. அரசன் மறைந்தபின் அவனது ஆட்சியாண்டும் நின்றுவிடுகின்றது. அடுத்த வேந்தனுக்கு முதலாண்டு தொடங்குகின்றது. ஆட்சியாண்டின் நாள் ஆணையைப் பிறப்பிக்கும். நினைவை வளர்க்க மாட்டாது. நினைவை வளர்ப்பது மீண்டும் மீண்டும் வருகின்ற நாளே. அத்தகைய நாளாக இராசராசன் கொண்டது தான் பிறந்த சதயம்.

தஞ்சைக் கோயிலில் திங்கள்தோறுஞ் சதய நாளில் திருவிழா எடுக்கப்பட்டது; அவ்வாறு ஓராண்டிற்குப் பன்னிரண்டு சதயத் திருவிழாக்கள் நிகழ்ந்தன என்று அக்கோயிற் கல்வெட்டுக்களால் அறிகின்றோம் என்பர் ஆராய்ச்சியாளர். தஞ்சைக்கு நெடுந்தொலைவில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்துத் திருநந்திக்கரையிலும் அந்நாள் போற்றப்பட்டது. இராசராசனது 18-ஆம் ஆட்சியாண்டில், முட்டம் என்னும் ஊர் மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் மாற்றப்பெற்று, அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத்தில் திருவிழா எடுத்தற்பொருட்டுத் திருநந்திக்கரைச் சிவபெருமானுக்கு அளிக்கப்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழும். வென்ற நாட்டிலே ஊர்ப்பெயரை மாற்றித் தன் பெயரை வைத்து, அவ்வூர் விளைவைக் கொண்டு தன் பிறந்த நாளைக் கொண்டாடச் செய்தல் அரசனது செருக்கன்றோ எனின், அத்தடை முழுதும் ஒதுக்கத்தக்கதன்று. வேந்தர் செயலில் அரசியல் விரவாதிருத்தல் இல்லை. வென்றார் பெயரை வெல்லப்பட்ட நாட்டார் நாவில் நிறுத்துதல் அக்காலத்து வழக்கம். அதனை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்கு இழுக்காகும். ஆயினும் அவ்விழாவின் நடுவிடத்தில் நின்றவர் யாவர் என நோக்குதல் வேண்டும். நீராட்டப் பெற்றவரும், அமுது படைக்கப் பெற்றவரும், திருவுலாப் போந்தவரும் சிவபெருமானே, அரசன் அல்லன். பிறந்த நாள் அரசனுடையது, பூசை இறைவனுடையது.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. அது சித்தாந்தத்தினின்றே எழுவது. உயிர் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களாற் பிணிக்கப்பட்டுள்ளது. வினைப்பயனை நுகர்தற்கு உடம்பெடுத்தலே பிறவி. பிறவியறுதலே சைவர் வேண்டுவது. அங்ஙனமாகவே, பிறந்த நாளை விழாவாகக் கொண்டாடுதல் பிணிப்புண்ட நாளைக் கொண்டாடுதலாக முடியாதோ? நாயன்மார்களுக்குச் சைவவுலகம் கொண்டாடுவது பிறந்த நாள் அன்று. அவர்கள் இறைவன் திருவடியிற் கலந்த நாளே. திருஞானசம்பந்தருக்கு வைகாசி மூலமும், திருநாவுக்கரசருக்குச் சித்திரைச் சதயமும், சுந்தரருக்கு ஆடிச் சுவாதியும், மாணிக்கவாசகருக்கு ஆனி மகமும் குருபூசை நாள்களாக வழங்குதல் யாவரும் அறிந்ததே. பிறவி நீங்கிய நாளைப் போற்றும் மரபில் நின்ற அரசன், பிறவி தொடங்கிய நாளுக்கு விழா வகுத்ததென்னை?

இதற்கு விடை சித்தாந்தத்திலேயே உள்ளது. பிறவி பிணியேயாயினும், அப்பிணியைத் தீர்த்தற்குரிய கருவியும் அதுவேயாம். உடம்பின்றி வழிபாடில்லை, வழிபாடின்றி மலபரிபாகமில்லை. இறைவன் உயிர்க்குத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவது அதனை வருத்துதற்கன்று, பக்குவப்படுத்தற்கேயாம். ஆதலின் பிறந்த நாளைத் தன் பெருமைக்கு உரியதாகக் கொள்பவன் பிணிப்பைக் கொண்டாடுகின்றான். அந்நாளை இறைவனுக்கு உரியதாக ஒப்படைப்பவன் அருளைக் கொண்டாடுகின்றான். இராசராசன் பூண்ட பெயர்களுட் சிவபாதசேகரன் என்பது ஒன்று. சிவபெருமானது திருவடியைத் தலைமேற் சூடியவன் என்பது அதன் பொருள். மும்முடிச்சோழன் என்னும் பெயர் அவனது வெற்றியைக் காட்டும். சிவபாதசேகரன் என்னும் பெயர் அவ்வெற்றி எங்கே ஒடுங்கிற்று என்பதைக் காட்டும். சதயத் திருவிழாவை இவ்விரண்டாம் பெயரோடு வைத்து நோக்கினாலன்றி அதன் கருத்து விளங்காது.

இம்மரபு இராசராசனால் முதன்முதலிற் படைக்கப்பட்டதுமன்று. அவனுக்கு முன் சோழநாட்டை ஆண்ட உத்தமசோழனுடைய தாயார் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தர் தேவியாராகிய அவ்வம்மையார் செங்கற் றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய பெருந்திருவினர். அவர் பெயராலமைந்த செம்பியன்மாதேவி என்னும் ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டையன்று உணவளித்தற்கு அவருடைய மருமகளாராகிய அரசியர் அறக்கட்டளை வைத்தனர். பிறந்தவர் உண்டு களிக்கும் நாளாக அஃது அமையவில்லை. பிறர் உண்ணும் நாளாக அமைந்தது. இராசராசன் இளமை தொட்டுக் கண்டு வளர்ந்த நெறி அதுவே.

இனி, அக்காலத்தார் ஒரு நாளை அழியாமற் காத்தற்கு வகுத்த முறை வியக்கத்தக்கது. தஞ்சைக் கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் பெட்டியில் முடங்கிக் கிடந்தில. அவை ஊர்ச்சபையார் பலரிடம் பொலிசைக்குக் கொடுக்கப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசையாக வந்தது. முதல் குறையாது, பொலிசை மட்டுமே செலவாயிற்று. விளக்கெரித்தற்கோ ஆடுகள் அளிக்கப்பட்டன. ஒரு நுந்தா விளக்கிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுக்கள் வழங்கும். சாவாத ஆடும் மூவாத ஆடும் உலகில் உண்டோ எனின், ஆடு சாகும், தொகை சாவாது. மூத்தது கழியக் குட்டி அதனிடத்தில் நிற்கும். 96 என்னும் எண் குறையாது நிற்றலின் அம்மந்தை சாவாததும் மூவாததும் ஆயிற்று.

மக்கட்கும் அம்முறையே வகுக்கப்பட்டது. தஞ்சைக் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் ஆக 50 பேர் அமர்த்தப்பெற்றனர். அவரொவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டது. பல தளிகளினின்றும் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் பிற பணியாளர்க்கும் பங்கு வகுத்த கல்வெட்டில், அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றிடஞ் செல்லினும் அவருக்கு அணுக்கமான உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும் என்றும், அவ்வுறவினர் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரை நாடி அமர்த்துதல் வேண்டும் என்றுங் கூறப்பட்டுள்ளது. ஆள் மாறினும் பணி மாறாது. ஆடு மாறினும் விளக்கு மாறாது. ஆண்டு மாறினும் சதயம் மாறாது. அறக்கட்டளைகள் சந்திராதித்தர் உள்ளளவும் நிற்க என்று கல்வெட்டுக்கள் முடிதல் வழக்கம். ஞாயிற்றாற் பிறக்குந் திங்களும் சந்திரனாற் குறிக்கப்படும் நாண்மீனும் கூடிய ஐப்பசிச் சதயம் அத்தொடருக்குத் தானே சான்றாக ஆண்டுதோறும் வந்து நிற்கின்றது.

அக்கோயிலில் திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், சுந்தரர் ஆகியோர் திருவுருவங்களும் எழுந்தருளுவிக்கப்பட்டன. பொய்கைநாட்டுக் கிழவனாகிய ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான் கோயிற் கண்காணியாக இருந்து அவற்றை அளித்தான். அவனே இராசராசன் உருவத்தையும் அவன் தேவியாராகிய உலோகமாதேவியார் உருவத்தையும் உடன் செய்து வைத்தான். அரசனது உருவம் அடியார் உருவங்களோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டது என்பது கருதத்தக்கது. சித்திரையிற் சதயம் அப்பரடிகள் சிவபிரான் திருவடி சேர்ந்த நாள். ஐப்பசியிற் சதயம் அப்பரது பதிகத்தை நாள்தோறும் பாட வகைசெய்த அரசன் பிறந்த நாள். திங்கள்தோறும் தஞ்சையில் எடுக்கப்பட்ட சதயவிழாப் பன்னிரண்டனுட் சித்திரைச் சதயமும் அடங்குமாதலின், அடியாரது நாளும் அரசனது நாளும் ஒரே விழா வரிசையில் அமைந்தன.

இத்துணை வலிய ஏற்பாடுகள் செய்யப்பட்டும் அந்நாள் மறக்கப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சோழராட்சி ஒழிந்தது. பின்னர்ப் பாண்டியரும் நாயக்கரும் மராட்டியரும் தஞ்சையை ஆண்டனர். பொலிசை கொடுத்த ஊர்ச்சபைகள் மறைந்தன. ஆடு பெற்றோர் வழியினரும் தம் கடப்பாட்டை அறியாராயினர். எழுத்து வடிவமும் மாறியமையால், கோயிற் சுவரிற் கண்ணெதிரே நின்ற பெயரைக் கற்றோரும் படிக்க இயலாராயினர். கோயிலை எடுப்பித்தவன் கரிகாலன் என்றும், தன் நோய் தீர்தற்பொருட்டு அதனைக் கட்டினான் என்றும் தலபுராணம் வழங்கிற்று. ஆயிரமாண்டுக் கோயிலுக்கு அதனை எடுப்பித்தான் பெயரே அயலாயிற்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பேரறிஞராகிய ஹுல்ட்ஷ் தஞ்சைக் கல்வெட்டுக்களைப் படித்து வெளியிட முற்பட்டார். அவர்க்குத் துணைநின்றும் அவர்க்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தும் உழைத்த தமிழ்நாட்டறிஞருள் வெங்கையர் தலைசிறந்தவர். அவர்கள் உழைப்பால் இராசராசன் பெயரும், அவனது கொடையும், அவனது சதய விழாவும் மீண்டும் உலகிற்கு வெளிப்பட்டன. கீல்ஹார்ன் என்னும் மற்றொரு ஜெர்மானிய அறிஞர், கல்வெட்டுக்களிற் கண்ட திதி, வாரம், நாண்மீன் ஆகியவற்றைக் கணக்கிட்டு, இராசராசன் ஆட்சி கி. பி. 985 ஜூன் 25-ஆம் தேதிக்கும் ஜூலை 25-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்கிற்று என நிறுவினார். சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்கணித நூல், ஒரு கல்வெட்டில் வாரமும் திதியும் நாண்மீனும் இருப்பின் அதற்குரிய ஆங்கிலத் தேதியை எவரும் கண்டறியும் வழியைத் திறந்தது. இவையெல்லாம் இயன்றது, பண்டை எழுத்தர் நாளைக் குறிக்குங்கால் வானத்தையும் உடன் குறித்தமையாலேயே. ஆட்சியாண்டை மட்டும் எழுதியிருப்பின் எந்த நூற்றாண்டு என்பதும் ஐயமாக நின்றிருக்கும்.

ஒரு கல் ஒரு நாளைத் திருத்திய வரலாறும் உண்டு. இராசராசன் மகனாகிய முதலாம் இராசேந்திரன் பிறந்த நாள் மார்கழித் திருவாதிரை என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. கூத்தப்பெருமானுக்குரிய பெருநாளாகிய அது சிவபத்தனாகிய அரசனுக்குப் பொருத்தமாகவுந் தோன்றிற்று. ஆயின் திருவாரூர்த் திருக்கோயிற் கல்வெட்டொன்று, இராசேந்திரன் தான் பிறந்தது ஆடித் திருவாதிரை என்றும், தன் தந்தை பிறந்தது ஐப்பசிச் சதயம் என்றும் தெளிவாகக் கூறுதல் அண்மையிற் கண்டறியப்பட்டது. அதன்பின் ஆடித் திருவாதிரையே இராசேந்திரன் திருநாளாகக் கொள்ளப்பட்டு, கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுக்கப்படுகின்றது. பொருத்தமாகத் தோன்றுவது வேறு; உண்மையாவது வேறு. பொருத்தத்தைக் கருத்தினால் அறியலாம். உண்மையைக் கல்லினாலேயே அறிதல் வேண்டும்.

இன்று தஞ்சையில் ஐப்பசிச் சதய விழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. ஓதுவார்கள் திருமுறை பாடி வர, திருமுறை ஏடுகள் அரசவீதிகளில் உலாக் கொணரப்படுகின்றன. பெருவுடையார்க்கும் பெரியநாயகியம்மைக்கும் பேரபிடேகம் ஆற்றப்படுகின்றது. கோயிலுக்கு வெளியே உள்ள அரசன் சிலைக்கு மாலை சூட்டப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டில் நிகழ்ந்த விழா 1040-ஆவது சதய விழா என வழங்கப்பட்டது. 2025-இலிருந்து 1040-ஐக் கழிப்பின் 985 எஞ்சும். 985 அரசன் பிறந்த ஆண்டன்று. அவன் அரசுகட்டில் ஏறிய ஆண்டு. பிறந்த ஆண்டு கல்வெட்டில் இல்லாமையால் ஆட்சி ஏறிய ஆண்டே எண்ணிற்கு முதலாகக் கொள்ளப்பட்டது. நாள் பிறப்பினின்றும் எண் ஆட்சியினின்றும் வந்து கூடின. விழா இடையறாது 1040 முறை நிகழ்ந்ததென்று அவ்வெண்ணாற் கொள்ளற்க. இடையே நூற்றாண்டுகள் இருண்டு கிடந்தன என்பது மேலே கூறப்பட்டது. இருண்ட காலம் கழிந்தபின் விளக்கை மீண்டும் ஏற்றுதற்கு வேண்டிய நெருப்பு கல்லில் இருந்தது என்பதே போற்றத்தக்கது.

ஆண்டு மறைய நாள் நின்றதென்னை என்னும் வினாவிற்கு விடை இப்பொழுது தெளிவாம். ஆண்டு ஒருவரது வயதை அளத்தற்கு உதவுவது. அவர் மறைந்தபின் அதனாற் பயன் சிறிது. நாளோ ஆண்டுதோறும் மீண்டு வந்து ஒரு கடமையை நினைவூட்டுவது. இத்துணை நெல் அளக்க, இத்துணை விளக்கேற்றுக, இப்பதிகம் பாடுக என்று அந்நாளோடு கடமை பிணைக்கப்பட்டமையின், கடமையை எழுதியவர் நாளையும் எழுதினர். கொடையோடு சேராத நாளை எவரும் கல்லில் வெட்டிலர். அரசனது வீரத்தினாலன்று, அவனது ஈகையினாலேயே அவனது பிறந்த நாள் பிழைத்தது.

இன்றும் சிவாலயஞ் செல்வோர் தம் பெயரும் நாண்மீனுஞ் சொல்லி அருச்சனை செய்விக்கின்றனர். பிறந்த ஆண்டை எந்தக் குருக்களும் கேட்பதில்லை. எளியவர் செய்யும் அச்சிறு வழிபாடும் பேரரசன் செய்த சதய விழாவும் ஒரே மரபின் பாற்பட்டனவே. அந்நாளில் ஒரு விளக்கிற்கு நெய்யோ, ஒருவர்க்கு உணவோ அளிப்பவர், தம் பிறந்த நாளைத் தம்மிடத்தினின்றும் எடுத்து இறைவனிடத்து வைப்பவராவர். சித்தாந்தம் வேண்டுவதும் அதுவே.

திருப்பணி செய்வோர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கல்வெட்டுள்ள சுவரின்மேற் சுண்ணம் பூசுதலும், எழுத்துத் தேயுமாறு கல்லைச் செதுக்கித் தூய்மை செய்தலும், பழங்கற்களைப் பெயர்த்துப் படியாகவுந் தளமாகவும் இடுதலும் பல ஊர்களில் நல்லெண்ணத்தாலேயே செய்யப்பட்டு வந்துள்ளன. ஒரு கல் மறையின் ஒரு விளக்கும் ஒரு விழாவும் ஓர் அடியவரது பெயரும் மறைகின்றன. 26-ஆம் ஆண்டின் 20-ஆம் நாளில் இராசராசன், தான் கொடுத்ததை மட்டுமன்றிக் கொடுத்தார் யாவர் கொடையையும் வெட்டுக என்றான். அவ்வாணையை அழியாமற் காத்தல் அவன் பிறந்த நாளுக்கு மாலை சூட்டுதலினும் பெரிய வழிபாடாகும். திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுக்களைப் படியெடுத்து, அவற்றுள்ள கற்களைப் பேணி, பின்னர்ப் பணி செய்வாராயின், இன்னும் எத்துணையோ ஊர்களில் எத்துணையோ நாள்கள் உயிர்பெற்றெழும்.